மாதுளைச் சிவப்பில் ஒரே ஒரு சோடி

ஜனவரி 19, ஞாயிறு

கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அடுத்த குளிர்காலத்துக்கான புதுச் சரக்கை வெளியாருக்குக் காட்டக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக்கூடாது. தமிழில் எழுதினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? எங்கள் கிராட்வெக் கம்பனியில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். பனியில் சறுக்குகிற ஸ்கீ செய்கிற கம்பனியில் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன வேலை என்று பேர்ண் நகரத் தமிழ்க் கோயிலில் இன்னமும் கேட்கிறார்கள். நிறம் தெரிவு செய்கிற பகுதி என்று சொன்னால், "பெயின்ற் அடிக்கிறீரோ பிள்ளை?" என்கிறார்கள்.

மத்தியானம் மலைக்கு வந்து சேர்ந்தோம். வான் வளைந்து வளைந்து ஏறியதில் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. இரண்டு தடவை நிறுத்தச் சொன்னேன். வானை ஓட்டியவர் உர்ஸ். சப்பாத்துகளைக் காலுக்குப் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. "உமக்கு முந்தி இப்பிடி வாறேல்லையே?" என்றார். காலையில் சாப்பிட்ட இடியப்பம் என்றேன். இடியப்பம் என்றால் என்னவென்று விளக்கியதில் கதை மாறிவிட்டது. நல்லதாய்ப் போயிற்று.

நாளை தொடக்கம் நாடு முழுவதும் இருந்து விளையாட்டுக் கடைக்காரர்கள் வருவார்கள். வரப்போகும் குளிர்காலத்தில் விற்க வேண்டிய ஸ்கீகளை இப்போதே மாட்டிச் சறுக்கிப் பார்ப்பார்கள். பிடித்தவற்றுக்கு வெள்ளிக்கிழமை ஓடர் கொடுப்பார்கள். ஓடர் விழாத ஸ்கீ பெட்டிக்குள் போகும்; கடைக்கு வராமலே செத்துப்போகும்.

பெண்களுக்கான ஸ்கீயும் அதோடு சேர்ந்த சப்பாத்தும் இந்த முறை மாதுளைச் சிவப்பு. உரித்து வைத்த மாதுளை முத்தின் நிறம். நான் தெரிவு செய்தது. மற்றவர்களின் சாம்பல்களுக்கும் கறுப்புகளுக்கும் எண் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்குக் கிடைத்த முதல் நிறம். தொழிற்சாலை தாமதம் செய்ததில் அதில் ஒரே ஒரு சோடிதான் வந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். பிறகு இன்னொரு தடவை திறந்தேன்.

வந்து சேர்ந்துவிட்டேன் என்று என் கணவர் நிமலனுக்குச் செய்தி அனுப்பினேன். பாண் சுடுகிற தொழிற்சாலைக்கு அவர் இரவு வேலைக்குப் புறப்படும் நேரம். பதிலாகக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

ஜனவரி 20, திங்கள்

லாராவுக்கு முழங்கால் நரம்பு கிழிந்துவிட்டதாம். புதுச் சரக்கை மாட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் சறுக்கிக் காட்டுகிற பெண் அவள்தான். இனி இந்த வருடம் அவள் நடந்தாலே பெரிய விஷயம்.

மாதிரிச் சப்பாத்துகள் எப்போதும் ஒரே அளவில்தான் வரும். பெண்களுக்கு இருபத்துநாலரை சென்ரிமீற்றர். எல்லா அளவுக்கும் அச்சு வார்ப்பது ஓடர் விழுந்த பிறகுதான். அதனால் இந்தத் தொழிலில் சறுக்கிக் காட்ட ஆள் பிடிக்கும்போது முதலில் பாதத்தைத்தான் அளப்பார்கள். இன்று காலைச் சாப்பாட்டில் எங்கள் விற்பனைத் தலைவி கொரின் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் காலுக்கு முன்னால் நின்றாள்.

"ரூபி, உம்மட அளவு என்ன?"

"இருபத்துநாலரை."

சிவரூபியை இங்கே ரூபியாக்கி வைத்திருக்கிறார்கள். பொய் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மைதான் முந்திக்கொண்டு வந்தது.

வியாழன் மத்தியானம் மலையடிக் கூடாரங்களுக்கு முன்னால் கடைக்காரர் எல்லாரும் கூடி நிற்பார்கள். மேலேயிருந்து ஒரே ஒரு பெண், மாதுளைச் சிவப்பில், தனியாக இறங்கி வர வேண்டும். அதுதான் எங்கள் கம்பனியின் வழக்கம். நான் நாலு வருடமாகச் சறுக்குகிறேன். நீலக் கம்பு நட்ட இலேசான பாதையில் ஒழுங்காக இறங்குவேன். இது அதைவிடக் கடினமான சிவப்புக் கம்புப் பாதை. கடைசித் துண்டு கூரை மாதிரிச் சரிவு.

"ஏலாதெண்டால் சொல்லும்," என்றாள் கொரின். "ஆனா ஒருத்தரும் சறுக்கிக் காட்டாட்டில் உந்தச் சிவப்பை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். உமக்கே தெரியும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். நிறத்துக்காகத்தான் சொன்னேன். பயம் அரை மணித்தியாலம் கழித்து வந்தது. வந்தது வந்ததுதான், இன்னும் போகவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

கோப்பி மணம் பிடிக்கவில்லை. உருக்கிய சீஸ் மணம் அதைவிட மோசம். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

உர்ஸோடு பழகப் போனேன். நேற்று அச்சாகப் பொருந்திய சப்பாத்து இன்று நெரித்தது. கொளுக்கிகளைப் பூட்டவே முடியவில்லை. உர்ஸ் கழற்றி, என் பாதத்தை மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"வீங்கியிருக்கு. உப்புக் கூடச் சாப்பிட்டனீரோ?"

"தெரியேல்லை."

"ஒரு நாளுக்குள்ள கால் சும்மா இப்பிடி மாறாது ரூபி."

அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். என் முகத்தைப் பார்த்தார், பிறகு சப்பாத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சப்பாத்தின் உட்பக்கத்தைச் சூடாக்கிக் கொஞ்சம் விரித்துக் கொடுத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டேன்.

சரிவான துண்டில் ஒரு தடவை விழுந்தேன். பெரிய விழுகை இல்லை. இடது பக்கமாகச் சரிந்து கொஞ்ச தூரம் வழுக்கினேன். விழுந்தவுடன் என் கை இரண்டும் போன இடம் முழங்கால் இல்லை. ஜாக்கெட் சிப் திறந்துவிட்டதோ என்று பார்க்கப் போனதாக வைத்துக்கொள்வோம்.

இரவு முழுக்கக் கவனமாகப் படுத்திருக்கப் போகிறேன். புரளக்கூடாது.

ஜனவரி 22, புதன்

நாள் தள்ளிப் போயிருக்கிறது. நன்றாகவே தள்ளிப் போயிருக்கிறது.

எழுதிவிட்டேன். எழுதுவதால் ஒன்றும் ஆகிவிடாது. பரிசோதிக்கிற குச்சி பற்தூரிகைப் பைக்குள் இருக்கிறது, உறை பிரிக்கவில்லை. பேர்ணில் வாங்கினேன். கடைக்காரப் பெண் "வாழ்த்துகள்" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, அதோடு தலைவலி மாத்திரையும் சவர்க்காரமும் சேர்த்து வாங்கினேன். உறையைப் பிரிக்காத வரை அது ஒரு குச்சிதான். பிரித்தால் அது ஒரு ஆளாகிவிடும். ஆளானால் போகவும் முடியும்.

இரண்டு தடவை போயிருக்கிறது. முதல் தடவை சந்தோசத்தில் ஊரெல்லாம் சொன்னேன். கொரினுக்கும் சொன்னேன். அவள் கம்பளியில் ஒரு குட்டித் தொப்பி பின்னிக் கொண்டுவந்து தந்தாள். மூன்றாம் மாதம் முடியவில்லை. பிறகு அந்தத் தொப்பியை என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் என்னைக் கண்டால் ஒரு மாதம் வேறு வழியால் போனாள். இரண்டாம் தடவை நிமலனுக்கும் மாமிக்கும் மட்டும் சொன்னேன். மாமி கோயிலுக்கு நேர்த்தி வைத்தா. அதுவும் நிற்கவில்லை. நான் எதையும் செய்ததாலோ செய்யாததாலோ அப்படி ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். அதை அத்தனை தடவை சொன்னார், அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆகவே இந்த முறை யாருக்கும் சொல்வதாக இல்லை. சொல்லாமல் இருந்தால் தங்கும் என்று படித்த ஒருத்தி நினைப்பதா என்று யாரும் கேட்டால், ஓம், நினைக்கிறேன். பகிடி பண்ணுகிறவர்கள் பண்ணட்டும்.

ஆனால் சொல்லாமல் நாளைக்கு எப்படித் தப்புவது? மத்தியானம் கொரினிடம் போனேன். வாயைத் திறந்தேன். அவள் கண்ணில் அந்தத் தொப்பி தெரிந்தது. "சிவப்புக் கையுறை போடவா, கறுப்புப் போடவா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பின்னேரம் நிமலன் போன் எடுத்தார்.

"சாப்பிட்டனீரோ?"

"ஓம்."

"என்ன சாப்பாடு?"

"சோறு மாதிரி ஒண்டு."

"நாளைக்கு நீர்தானே சறுக்கப் போறீர்? பயமா இருக்கோ?"

"எனக்கென்ன பயம். நாலு வருசமாச் சறுக்கிறன்."

தொலைபேசி அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ரூபி..."

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. கவனமா வாரும்."

எல்லாருக்கும் என் கவனம் மேல்தான் கவனம். வைத்துவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் நாலு பேர் சேர்ந்து எனக்கு உடுப்பு மாட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தால் நிறம் நான் நினைத்ததைவிட வடிவாக இருந்தது. அது வேறு வயிற்றெரிச்சல். உர்ஸ் சப்பாத்தைப் பூட்டிவிட்டு, "இண்டைக்கும் 'இல்லை' எண்டு சொல்லலாம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் காது கேளாத மாதிரி எழும்பினேன். நாற்காலி லிஃப்டில் தனியாக ஏறினேன். ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

மேலே ஒரே மேகம். கைரேடியோவில் கொரின், "மேகம் விலகினதும் வாரும். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்," என்றாள். பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தமும் கிளாஸ்கள் முட்டுகிற சத்தமும் கேட்டன.

நான் இறங்கினேன்.

அதைத்தான் யாரும் நம்ப மாட்டார்கள். இறங்கினேன், வடிவாகத்தான் இறங்கினேன். மேற்பகுதி இலேசான சரிவு. இடம், வலம், இடம் என்று திரும்பினேன். புது ஸ்கீ சொன்னபடி கேட்டது. காற்று முகத்தில் அடித்தது. ஒரு நொடி சந்தோசமாகக்கூட இருந்தது. கூரைச் சரிவு தொடங்கும் விளிம்பில் வந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. கீழே கூடாரங்கள், கொடிகள், எறும்பு மாதிரி ஆட்கள். அவர்களும் என்னைக் கண்டுவிட்டார்கள். கைதட்டும் சத்தம் மேலே வந்தது.

என்னால் முடியும் என்று தெரிந்தது. பத்தில் ஒன்பது தடவை விழாமல் போய்ச் சேர்ந்துவிடுவேன். அந்தப் பத்தாவது தடவையை நினைத்துத்தான் கால் விறைத்தது. விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்வார். ஆகிவிட்டால், உம்மால் இல்லை என்றும் சொல்வார். நான் வாழ்நாள் முழுக்க இந்த விளிம்பில் வந்து நின்றுகொண்டிருப்பேன். பயம் என்று இத்தனை நாளும் எழுதினேனே, அது பயமே இல்லை. இதுதான் பயம்.

ஸ்கீயைக் கழற்றினேன். தோளில் வைத்தேன். திரும்பி மேலே ஏறத் தொடங்கினேன். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது முதுகுக்குப் பின்னால் கேட்டது. ரேடியோ, "ரூபி? ரூபி? என்ன நடந்தது?" என்று கத்தியது. அதை நிறுத்தினேன். அந்தச் சப்பாத்தோடு பனியில் ஏறுவது சும்மா வேலை இல்லை. ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கினேன். நிற்கும்போதெல்லாம் வயிற்றில் ஏதும் நோகிறதா என்று பார்த்தேன். நோகவில்லை. நோகவில்லை என்பதும் பயமாக இருந்தது.

லிஃப்ட் குடிலில் ஒரு போர்த்துக்கல்காரர் நின்றார். அவருக்கும் என்னைப் போல ஜெர்மன் இரண்டாவதாக வந்த பாஷை. கீழே போக நாற்காலி வேண்டும் என்றேன்.

"கீழ போக ஏத்திறேல்லை. காயப்பட்ட ஆக்களை மட்டும்தான். உங்களுக்கு அடிபட்டதோ?"

"இல்லை."

"உடம்பு சரியில்லையோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

"நான் பிள்ளைத்தாச்சி," என்றேன்.

இப்படித்தான் சொன்னேன். ஜெர்மனில், முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்கு. சொன்னதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன், உள்ளே திருப்பி எடுத்துவிடலாம் என்கிற மாதிரி.

அவர் வாழ்த்துச் சொல்லவில்லை. அதற்காக அவருக்குக் கோயில் கட்டலாம். உள்ளே போய் ஒரு பெரிய பொத்தானை அமுக்கினார். மலை முழுவதும் ஓடிக்கொண்டிருந்த நாற்காலிகள் எல்லாம் அப்படியே நின்றன. என் கையைப் பிடித்து இருத்தி, மடியில் ஒரு போர்வையைப் போட்டு, அதன் மேல் ஸ்கீயை வைத்தார். "மெதுவா விடுறன்," என்றார்.

மெதுவாகத்தான் விட்டார். அதனால் எல்லாருக்கும் என்னைப் பார்க்க நேரம் கிடைத்தது. எதிரே ஏறி வந்த ஒவ்வொரு நாற்காலியும் திரும்பிப் பார்த்தது. கூடாரங்களுக்கு மேலால் போகும்போது கடைக்காரர்கள் அண்ணாந்து நின்றார்கள். ஒருவன் சிரித்தான். மாதுளைச் சிவப்பு வெள்ளைப் பனிக்கு மேலே எவ்வளவு எடுப்பாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்தானே தெரிவு செய்தேன்.

கீழே கொரின் ஓடி வந்தாள். "அடிபட்டதோ? ஏன் ரூபி? என்ன?"

"பயம்," என்றேன்.

"எதுக்கு?"

"சரிவுக்கு."

அவள் முகம் ஒருமுறை சிவந்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பரவாயில்லை, ஆருக்கும் வரும்," என்றாள். யாரோ பின்னால், "அவையின்ர நாட்டில பனி இல்லைத்தானே," என்று இரக்கமாகச் சொன்னார்கள். நான் பிறந்தது பேர்ண் ஆஸ்பத்திரியில், ஜெர்மனுக்கு முன் தமிழ் பேசினேன் என்பது மட்டும்தான் வித்தியாசம். நான் திருத்தவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நினைத்தால் நினைக்கட்டும். இரண்டு பேரில் ஒருவருக்கு மானம் போவது பரவாயில்லை.

இரண்டு பேர் என்று எழுதிவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

ஓடர் முடிந்தது. சிவப்புக்கு ஆறு கடை. காணாது. பெண்களுக்கான ஸ்கீ கறுப்பில் வருமாம். கொரின் என்னிடம் சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. "உம்மை அங்க ஏத்தினது என்ர பிழை," என்றாள். கோபத்தை எல்லாம் நல்ல தன்மைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நான் அந்தச் சோடியை உறைக்குள் போட்டுக் கட்டினேன். அழுகை வந்தது. நிறத்துக்குத்தான் அழுதேன். அதற்கும் ஆள் வேண்டுமே.

காலையில் குச்சியின் உறையைப் பிரித்தேன். இரண்டு கோடு.

ஜனவரி 25, சனி

நிமலன் வேலை முடிந்து காலையில் வந்தார். நேற்றிரவே வீடு வந்துவிட்ட நான் வாசலிலேயே நின்றேன். அவர் சப்பாத்துக் கழற்றக் குனிந்தபோது சொன்னேன். முகம் பார்த்துச் சொல்லத் துணிவு இல்லை.

"நிமலன், திரும்பவும் நிண்டிருக்கு."

ஒரு சப்பாத்தோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"குளியலறை அலுமாரிக்குள்ள, மாசாமாசம் நீர் பாவிக்கிற பஞ்சுப் பெட்டி உடைக்காமல் கிடக்குது. ரெண்டு மாசமாப் பாக்கிறன்."

எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. "தெரிஞ்சுகொண்டே என்னை மலைக்கு விட்டனீங்களோ? போக வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதே?"

"எப்பிடிச் சொல்லுறது?" அவரும் கத்தினார். பிறகு குரல் உள்ளே போய்விட்டது. "போன முறை, 'எப்பிடி இருக்கிறார் எங்கட ஆள்?' எண்டு நான் கேட்டன். முதல் முறையா வாய் விட்டுக் கேட்டன். அண்டு பின்னேரம்தானே... நான் கேக்காமல் இருந்தால் இந்த முறை நிக்கும் எண்டு நினைச்சன். புதன்கிழமை போனில வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிப் போட்டன். வியாழன் இரவு முழுக்க மா குழைக்கிற மெசினுக்குப் பக்கத்தில நிண்டு உம்மட போன் வருமோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

அவர் தலைமயிரில் மா ஒட்டியிருந்தது. இந்த மனிதர் வேறு ஒரு வீட்டில் இருப்பவர் போல, என் பயத்தையே தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். நானும் நிலத்தில் பக்கத்தில் இருந்தேன்.

"அந்தச் சரிவில நான் இறங்கேல்லை," என்றேன். "நாற்காலியில வந்தனான். எல்லாரும் சிரிச்சவை."

அவர் என் கையைப் பிடித்தார். விடவேயில்லை. மற்றச் சப்பாத்தைக் கழற்ற ஒரு கை காணாமல் நான்தான் கழற்றிவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

டாக்டரிடம் போனோம். காத்திருக்கும் அறையில் நிமலன் ஒரு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் சொல்லவில்லை.

உள்ளே இருட்டு. வயிற்றில் குளிர்ந்த களி. டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். போன முறையும் இப்படித்தான் பார்த்தார், பிறகு திருப்பவேயில்லை. நான் கூரையைப் பார்த்தேன். நிமலன் சுவரைப் பார்த்தார். என் விரல்கள் அவர் கைக்குள் நொறுங்கின.

திரை எங்கள் பக்கம் திரும்பியது.

ஒரு சின்ன மின்மினி. அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து, ஒரே அவசரமாக.

டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை, கூடிவிட்டது. நேற்றுவரை இரண்டு கோட்டுக்காகப் பயந்தேன். இனி ஒரு ஆளுக்காகப் பயப்பட வேண்டும். டாக்டர் கருவியை எடுத்தார். திரை கறுத்தது.

நிமலனுக்கு நல்ல ஜெர்மன் தெரியும். பதினாறு வருடமாக அதில்தான் சம்பளம் வாங்குகிறார். ஆனால் என் காதுக்குக் குனிந்து தமிழில், குழந்தைப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"இன்னொருக்காக் காட்டச் சொல்லுமன்."

நான் டாக்டரைக் கேட்டேன். அவர் இன்னொரு தடவை காட்டினார்.